லொறி புறப்படுவதற்கு முன்: நிவாரணப் பொருள் அனுப்புவோருக்கான கேள்வி – பதில்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகப் பாதைகளைத் துண்டித்தபோது, கொழும்பில் தெருவுக்குத் தெரு நிவாரணம் சேர்த்தார்கள். சேர்த்ததைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் பலர் திண்டாடினார்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன் தெளிவு வேண்டுமென்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றை இங்கே எடுத்திருக்கிறோம். நிவாரணப் பொருட்களை ஏற்றி, சேமித்து, பங்கிடும் பணியில் இருப்பவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள்.

எங்கள் விளையாட்டுக் கழகம் மலையகத்தில் 100 குடும்பங்களுக்கு ஒரு வாரத்துக்கான உலர் உணவு கொடுக்க விரும்புகிறது. ஒரு பொதியில் என்ன, எவ்வளவு போடுவது? எந்த லொறி பிடிப்பது?
– கழக உறுப்பினர்கள், கொட்டாஞ்சேனை

கடைக்குப் போகுமுன் தொலைபேசியை எடுங்கள். அந்தப் பிரிவின் கிராம உத்தியோகத்தரிடம், அவர் கிடைக்காவிட்டால் பிரதேச செயலகத்தில், இவற்றைக் கேளுங்கள். குடும்பம் எத்தனை, ஆட்கள் எத்தனை? ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? எல்லோரும் சொந்த வீட்டில் இருக்கிறார்களா, பாடசாலையிலோ கோயிலிலோ தங்கியிருக்கிறார்களா? அடுப்பும் பாத்திரமும் இருக்கின்றனவா? இதுவரை யார் என்ன கொடுத்திருக்கிறார்கள்? லொறி எதுவரை வரும்?

அடுப்புக் கேள்வியைத்தான் பெரும்பாலானோர் கேட்காமல் விடுகிறார்கள். லயன் அறை (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) மண்ணுக்குள் போன குடும்பத்துக்குப் பத்துக் கிலோ அரிசி கொடுத்தால் அவர்கள் அதை எதில் வேகவைப்பார்கள்? எல்லோரும் ஓரிடத்தில் தங்கிப் பொதுச் சமையல் நடக்கிறதென்றால் குடும்பப் பொதியே வேண்டாம். 25 கிலோ மூட்டையாக அரிசி, மூட்டையாகப் பருப்பு, பெரிய கானில் எண்ணெய், அத்துடன் ஒரு கிடாரமும் அகப்பையும் எரிவாயு சிலிண்டரும் கொண்டு போங்கள். 400 பேர் தங்கியிருக்கும் இடத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 160 கிலோ அரிசி செலவாகும்.

வீட்டில் சமைக்க முடியுமென்றால் கணக்கு இப்படி. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,100 கிலோகலோரி தேவை என்பது அனர்த்த காலத்துக்குச் சர்வதேச அளவில் வைத்திருக்கும் அளவுகோல். அதை ஈடுசெய்ய ஒருவருக்குத் தானியம் 400 கிராம், பருப்பு 60 கிராம், எண்ணெய் 25 கிராம், சீனி 15 கிராம், உப்பு 5 கிராம் என்று வைத்து, மேலதிகமாகச் சத்துள்ள ஏதாவது ஒன்றைச் சேர்ப்பார்கள். நால்வர் உள்ள குடும்பத்துக்கு ஏழு நாளைக்குத் தானியம் 11 கிலோவுக்குச் சற்றுக் கூட வரும். கடையில் கிடைக்கும் பக்கற் அளவுக்கு மாற்றினால்: அரிசி 10 கிலோ, கோதுமை மா 1 கிலோ, பருப்பு 2 கிலோ, எண்ணெய் 1 லீட்டர், சீனி 500 கிராம், உப்பு 400 கிராம், தேயிலை 200 கிராம், ரின்மீன் இரண்டு, சோயாமீட் நான்கு பக்கற், மிளகாய்த் தூளும் மஞ்சளும் சிறிய பக்கற் ஒவ்வொன்று. தோட்டப் பகுதியில் ரொட்டி சுட்டுச் சாப்பிடுவது வழக்கம் என்பதால் அரிசியில் 2 கிலோவைக் குறைத்து மாவை 3 கிலோவாக்கலாம். எல்லாம் சேர்த்து ஒரு குடும்பத்துக்கு 16 முதல் 17 கிலோ. நூறு குடும்பத்துக்கு ஏறக்குறைய 1,700 கிலோ.

இதை ஒரே பையில் கட்டாதீர்கள். அரிசி தன் ஆலைப் பையிலேயே, 5 கிலோ இரண்டாக, தனியாகப் போகட்டும். மற்றவை ஒரு பையில், ஏறத்தாழ 7 கிலோ. சவர்க்காரம், சலவைத்தூள், நுளம்புச் சுருள், மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி ஆகியவை மூன்றாவது சிறு பையில். ஒரே பையில் போட்டால் மலைப்பாதையில் லொறி குலுங்கிய குலுக்கலில் தேயிலையிலும் மாவிலும் சவர்க்கார வாடை ஏறிவிடும். பிறகு வாயில் வைக்க முடியாது. எண்ணெய்ப் போத்தலின் மூடியைச் செலோடேப்பால் சுற்றி, போத்தலைத் தனிப் பொலித்தீன் பையில் இட்டு நிமிர்த்தி வையுங்கள். ஒரு போத்தல் கசிந்தால் அதற்குக் கீழுள்ள ஐந்தாறு பொதிகளின் மாவும் சீனியும் வீண். மெல்லிய கடைப் பைகளின் கைப்பிடி 4 கிலோவுக்கு மேல் தாங்காது. நெய்த பொலிப்ரொப்பிலீன் சாக்கு, அதாவது உரப் பை மாதிரியானது, புதிதாக வாங்குங்கள். பாவித்த உரப் பையைக் கழுவி எடுத்தாலும் உணவுக்கு ஆகாது.

லொறிக்கு வருவோம். டிமோ பட்டா என்ற சிறு லொறி ஏற்றக்கூடியது ஏறத்தாழ 750 கிலோ. ஆகவே உங்களுக்கு மூன்று பட்டா தேவை, அல்லது பதினான்கரை அடித் தட்டுள்ள கன்டர் லொறி ஒன்று போதும். உலர் உணவில் இடத்துக்கு முன் எடைதான் நிரம்பும். அந்தக் கன்டரில் உங்கள் நூறு பொதியும் அரை மீட்டர் உயரத்துக்குக்கூட வராது. “இடம் கிடக்கிறதே” என்று மேலே தண்ணீர்ப் போத்தல் அடுக்கி, ஏற்றத்தில் கிளச் எரிந்து நிற்கும் வண்டிகள் இப்படித்தான் உருவாகின்றன. மெத்தைக்கும் பாய்க்கும் இது நேர்மாறு: எடை இருக்காது, இடம் முடிந்துவிடும். வாகனப் பதிவுச் சான்றிதழில் உள்ள எடைக்கு மேல் ஏற்ற வேண்டாம். பாரமான பொருள் முன்பக்கமும் கீழேயும், படங்கு இரண்டு மடிப்பாக மேலே. இரண்டு மூன்று இடங்களில் இறக்குவதாக இருந்தால் கடைசியாக இறக்குவதை முதலில் ஏற்றுங்கள்.

கொலன்னாவைப் பக்கம் வெள்ளம் வந்தால் எங்கள் தொடர்மாடிப் பெண்கள் சேர்ந்து சோற்றுப் பார்சல் கட்டுகிறோம். சென்ற முறை சில பார்சல்கள் பழுதாகிவிட்டதாகச் சொன்னார்கள். காலையில் சமைத்ததுதானே, ஏன்?
– வாசகி, வெள்ளவத்தை

காலையில் சமைத்ததுதான் காரணம். சமைத்த சோறு 60 பாகைக்குக் கீழே ஆறத் தொடங்கியதும் அதில் தப்பியிருக்கும் பக்டீரியா வித்துகள் பெருகுகின்றன. நம் ஊர் வெப்பத்தில் இரண்டு மணி நேரம் பத்திரம், நான்கு மணி நேரம் எல்லை. நீங்கள் ஏழு மணிக்கு இறக்கிய சோறு, ஒன்பது வரை கட்டி, பத்தரைக்கு வண்டியேறி, வெள்ளம்பிட்டியில் வாகன நெரிசலில் நின்று, படகுக்குக் காத்திருந்து, இரண்டு மணிக்கு ஒரு மாடி வீட்டின் ஜன்னலுக்குப் போகிறது. ஏழு மணி நேரம்! அதுவும் கொதிக்கக் கொதிக்க லஞ்ச் சீட்டில் சுற்றினால் ஆவி உள்ளேயே வேர்த்து, சோறு நசநசத்து இன்னும் சீக்கிரம் கெடும்.

சாப்பிடும் நேரத்தில் தொடங்கிப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். ஒரு மணிக்குக் கைக்குப் போக வேண்டுமென்றால் அடுப்பிலிருந்து இறங்குவது பத்தரைக்கு முன் இருக்கக்கூடாது. வெள்ளவத்தையில் சமைத்தால் இது கைகூடாது. படகு புறப்படும் இடத்துக்கு நடைதூரத்தில், வெள்ளம் ஏறாத ஒரு கோயில் மண்டபத்தையோ பள்ளிவாசலையோ விகாரையையோ கேட்டு அங்கே அடுப்பு மூட்டுங்கள். காய் நறுக்கி, அரிசி களைந்து கொடுப்பதை வீட்டில் செய்யலாம். நலன்புரி நிலையத்துக்கென்றால் பார்சலே கட்டாமல் கிடாரத்தோடு மூடிக் கொண்டுபோய் அங்கேயே பரிமாறுவது மேல்.

கறி விடயத்தில் கண்டிப்பாக இருங்கள். தேங்காய்ப் பால் விட்ட கறி, தேங்காய்ச் சம்பல் எதுவும் வேண்டாம். முதலில் புளிப்பவை அவைதான். பால் விடாமல் இறுகச் சமைத்த பருப்பு, வதக்கிய சோயா, கோதுடன் அவித்த முட்டை தாங்கும். புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் வெள்ளைச் சோற்றைவிட நின்று பிடிக்கும். முட்டையைத் தனியாகக் கொடுத்துவிட்டு மற்றதை மரக்கறியாக வைத்தால் ஹலாலா, சைவமா என்ற கேள்வி எழாது. ஒவ்வொரு பார்சலிலும் மார்க்கர் பேனையால் “மதியம் 2 மணிக்குள் சாப்பிடவும்” என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். வெள்ளத்தில் சிக்கியவர்கள் இரவுக்கென்று பார்சலை எடுத்து வைப்பார்கள். இரவுக்கு பிஸ்கட்டும் பாணும் வாழைப்பழமும் தனியாகக் கொடுத்தால் அந்தத் தேவை இருக்காது.

இன்னொன்று. களனி கங்கை ஒரே இரவில் சொல்லாமல் கொள்ளாமல் ஏறுவதில்லை. நாகலகம் வீதி நீர்மானியில் 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெரு வெள்ளம் என்பது நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கணக்கு. மேலே ஹங்வெல்லையில் மட்டம் ஏறிய பிறகுதான் கொழும்பில் ஏறும். அந்த அறிக்கையைப் பார்த்தாலே சாமான் வாங்கவும் அடுப்புக்கு இடம் பேசவும் உங்களுக்கு அவகாசம் கிடைக்கும். கடல்மட்டமும் ஏறியிருந்தால் வெள்ளம் வடிய நாளெடுக்கும், 2016 மேயில் கொலன்னாவையிலும் கடுவலையிலும் நாட்கணக்கில் நின்றது போல. ஒரு வேளைக்கு மட்டும் திட்டமிடாமல், அயலில் உள்ள குழுக்களோடு நாள் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் ஆறு குழு, நான்காம் நாள் ஒருவருமில்லை என்ற நிலைதான் அடிக்கடி வருகிறது.

போத்தல் தண்ணீர் ஒரு லொறி அனுப்ப எங்கள் வர்த்தகர் சங்கம் தயார். நல்லதுதானே?
– வர்த்தகர் ஒருவர், புறக்கோட்டை

முதல் இரண்டு மூன்று நாளைக்கு நல்லது. அதன் பிறகு அதே பணத்தில் பத்து மடங்கு தண்ணீர் கொடுக்கலாம். 400 பேருக்குக் குடிக்க மட்டும் ஆளுக்கு 3 லீட்டர் என்றால் ஒரு நாளைக்கு 1,200 லீட்டர், அதாவது 1,200 கிலோ. மூன்று நாளைக்கு 3.6 தொன். குடிக்க, சமைக்க, கைகால் கழுவ என்று ஆளுக்கு 15 லீட்டர் கொடுக்க வேண்டுமென்றால் 6,000 லீட்டர். அது பவுசர் (தண்ணீர் ஏற்றும் லொறி) வேலை, போத்தல் வேலை இல்லை. பவுசர் வந்து நின்று வாளி வாளியாக ஊற்றினால் அரைநாள் அங்கேயே போய்விடும். 1,000 லீட்டர் தண்ணீர்த் தாங்கிகள் சிலவற்றைக் கற்களுக்கு மேல் உயர்த்தி வைத்துக் குழாய் பூட்டிக் கொடுங்கள். பவுசர் நிரப்பிவிட்டு அடுத்த ஊருக்குப் போகலாம். 250 பேருக்கு ஒரு குழாய் போதும்.

பவுசரும் ஏறாத மலைக்கு குளோரின் மாத்திரை. 67 மில்லிகிராம் மாத்திரை ஒன்று 20 லீட்டர் தெளிந்த நீருக்கு. போட்டு 30 நிமிடம் மூடி வைக்க வேண்டும். மேலே சொன்ன 1,200 லீட்டருக்கு 60 மாத்திரை. உங்கள் சட்டைப் பைக்குள் அடங்கிவிடும்! ஆனால் கலங்கல் நீரில் குளோரினைச் சேறே தின்றுவிடும். தெளிய வைத்து, துணியை நான்காக மடித்து வடித்த பிறகுதான் மாத்திரை போட வேண்டும். இதை மக்களுக்கு அவர்களுடைய மொழியில் செய்து காட்டாமல் மாத்திரை கொடுக்கக் கூடாது. காய்ச்சல் மாத்திரை என்று விழுங்கிவிடுவார்கள். மூடியுள்ள 10 லீட்டர் கான் வீட்டுக்கு இரண்டு கொடுப்பதை மறக்க வேண்டாம். வாய் அகன்ற வாளியில் கை பட்டுப் பட்டு, சுத்தமான நீரும் மாலைக்குள் அசுத்தமாகும்.

மலையகத்துக்குப் போகும் பாதைகள் மூடியிருக்கும்போது எப்படித் திட்டமிடுவது? போன தடவை நாங்கள் பாதி வழியில் திரும்பிவிட்டோம்.
– இளைஞர் மன்றம், தெஹிவளை

கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு இரண்டு வழி: அவிசாவளை, கினிகத்தேனை, ஹற்றன் ஊடாக ஏ7, பேராதனை போய்க் கம்பளை, புசல்லாவ, றம்பொடை ஊடாக ஏ5. பதுளைக்கு இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகல, ஹப்புத்தளை வழியும் உண்டு. எல்லாமே சரிவை வெட்டிப் போட்ட பாதைகள். ஆகவே ஒரு வழியை மட்டும் நம்பிப் புறப்படாமல், எந்தச் சந்தியில் நின்று முடிவெடுப்பது, அங்கே தடைப்பட்டால் எந்த ஊரில் பொருளை இறக்கி ஒப்படைப்பது என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். பாதி வழியில் திரும்பி வந்த பொருள் பெரும்பாலும் அவிசாவளையிலோ ஹற்றனிலோ ஒரு பிரதேச செயலகத்தின் களஞ்சியத்தில் பற்றுச்சீட்டுடன் இறங்கியிருக்கலாம்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் அவதானம், செம்மஞ்சள் வெளியேறத் தயார்நிலை, சிவப்பு வெளியேற்றம். சிவப்பு விழுந்த பிரிவுக்குள் லொறியோடு போகவே கூடாது. மக்கள் அங்கிருந்து இறங்கி வரும்போது நீங்கள் ஏறினால் மீட்புக்காரருக்கு நீங்களும் ஒரு வேலை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கமும், போகும் மாவட்டத்தின் அனர்த்த முகாமைத்துவப் பிரிவின் இலக்கமும் கடதாசியில் இருக்கட்டும். மின்சாரம் போனால் சில மணி நேரத்தில் தொலைபேசிக் கோபுரங்களும் ஓய்ந்துவிடும். கையடக்கத் தொலைபேசிக்குள் இருக்கும் வரைபடமும் பெயர்ப்பட்டியலும் அப்போது உதவாது.

இனி, திட்டத்தை உண்மையில் உடைக்கும் இடம்: தார்ப்பாதை முடிந்த பிறகு வரும் இரண்டு கிலோமீட்டர். தோட்டத்தின் ஒரு பிரிவுக்கு (டிவிஷன்) 100 குடும்பம், குடும்பத்துக்கு இரண்டு சுமை, மொத்தம் 200 சுமை. ஏற்றத்தில் ஒருவர் 10 கிலோவுடன் போய் இறக்கித் திரும்ப ஒன்றரை மணி நேரம் எடுக்கும் என்று வையுங்கள். 20 பேர் சுமந்தால் ஆளுக்குப் பத்து நடை, 15 மணி நேரம்! ஒரு பகலில் முடியாத வேலை. இந்தக் கணக்கைக் கொழும்பிலேயே போட்டிருந்தால் மூன்றில் ஒன்றைத் தெரிவு செய்திருக்கலாம்: ஆட்களை இரட்டிப்பாக்கி இரண்டு நாள் ஒதுக்குவது, தோட்டத்துக்கு உழவு இயந்திரம் இருக்கிறதா என்று கேட்டுப் பெட்டியோடு ஏற்றுவது, அல்லது வீட்டுக்கு இருவராக மக்களையே பாதை முடியும் இடத்துக்கு வரச் சொல்வது. கடைசியாகச் சொன்னது எளிது, ஒரே நடையில் முடியும். ஆனால் இறங்கி வர முடியாத முதியவர், கர்ப்பிணி, கைக்குழந்தைக்காரி உள்ள வீடுகளின் பட்டியலைத் தனியே எடுத்து, அந்தப் பொதிகளை உங்கள் ஆட்கள் சுமக்க வேண்டும்.

முகவரியிலும் சிக்கல் உண்டு. தோட்டத்துக்குக் கடதாசியில் ஒரு பெயர், ஊர்ச்சனம் சொல்லும் பெயர் இன்னொன்று. கீழ்ப்பிரிவு, மேற்பிரிவு என்று ஒரே தோட்டத்தில் டிவிஷன்கள் மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கிடக்கும்; ஒன்றிலிருந்து மற்றதற்கு வண்டியில் போக ஒரு மணி நேரமாகலாம். இரண்டு பெயரையும், டிவிஷனையும், கிராம உத்தியோகத்தர் பிரிவின் இலக்கத்தையும் எழுதுங்கள். பொருள் ஒப்படைப்புச் சீட்டு மூன்று பிரதிகளாக, தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இருந்தால் சோதனைச் சாவடியிலும் களஞ்சியத்திலும் நேரம் மிஞ்சும்.

புறப்படுவது அதிகாலை மூன்று மணிக்கு. ஒக்டோபர், நவம்பரில் மலைநாட்டில் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் பிடிக்கும். அதற்குள் இறக்கிவிட்டு, இருட்டுமுன் பிரதான பாதைக்கு வந்துவிட வேண்டும். டீசலைத் திரும்பும் வழிக்கும் சேர்த்துக் கொழும்பிலேயே நிரப்புங்கள். மின்சாரம் இல்லாத ஊரில் எரிபொருள் நிலையம் இருந்தும் பம்ப் ஓடாது. மண்வெட்டி இரண்டு, கயிறு, டயர், ரோச் லைட், ஒரு படங்கு. பெரிய பதாகை மட்டும் வேண்டாம். லொறியின் பக்கவாட்டில் பதாகை கட்டிப் போனால் பிரதான வீதியோரத்தில் நிற்பவர்கள் மறிப்பார்கள். அவர்களும் பாதிக்கப்பட்டவர்கள்தான், உங்களால் மறுக்க முடியாது. வீதியோரத்துக்கு நாலு தடவை கிடைத்து, உள்ளே ஒரு தடவையும் கிடைக்காமல் போவதற்கு இதுவே பெரிய காரணம்.

லண்டனில் இருக்கும் தம்பி கம்பளி உடுப்பும் மருந்தும் சேர்த்து விமானத்தில் அனுப்பப் போகிறாராம். எப்படிப் பெற்று அனுப்புவது?
– வாசகர், பம்பலப்பிட்டி

அவரைப் பணமாக அனுப்பச் சொல்லுங்கள். விமானச் சரக்குக்கு எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 6,000 ஆல் பிரித்து வரும் எண்ணையும் பார்த்து, இரண்டில் கூடியதற்குக் கட்டணம். 60, 50, 40 சென்ரிமீற்றர் பெட்டியில் 9 கிலோ உடுப்பு இருந்தாலும் கட்டணம் 20 கிலோவுக்கு. அந்தக் காசுக்குக் கொழும்பில் புதிய போர்வையே வாங்கலாம். சுங்கத்தில் யார் பெயருக்கு வருகிறது, வரிவிலக்கு இருக்கிறதா என்பது முடிவாகாமல் பெட்டி வந்தால் களஞ்சிய வாடகை நாளுக்கு நாள் ஏறும்.

மருந்து இன்னும் சிக்கல். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலின்படி நன்கொடை மருந்து வந்து சேரும்போது குறைந்தது ஓராண்டு காலாவதிக்கு மிச்சமிருக்க வேண்டும். நோயாளி பாவித்து மீந்தது ஆகவே ஆகாது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இந்தோனேசியாவின் ஆச்சேக்குச் சுமார் 4,000 தொன் மருந்து குவிந்து, பெருந்தொகை பயன்படாமல் போய், அதை அழிப்பதே தனிச் செலவானது. சுகாதார அமைச்சு கேட்ட பட்டியலில் இல்லாத மருந்தை ஏற்றவே வேண்டாம்.

பழைய உடுப்பும் அப்படித்தான். அளவு, ஆண்பெண் பிரித்து எடுக்க ஆட்கள் தேவை. ஈரமான மண்டபத்தில் இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும். உடுப்புக் கொடுக்க ஆசையென்றால் புதிய உள்ளாடை, சாரம், நைட்டி, துவாய் வாங்குங்கள். பெண்களுக்கு சனிட்டரி நப்கின் ஒரு மாதத்துக்கு ஆளுக்கு 15, உள்ளே தெரியாத பையில். இவற்றைக் கேட்க அவர்கள் கூச்சப்படுவார்கள். கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது.

பால்மா சேர்க்கலாமா? எல்லோரும் முதலில் அதைத்தான் கொண்டுவருகிறார்கள்.
– ஆசிரியை, மட்டக்குளி

பொதுப் பொதியில் வேண்டாம். சுத்தமில்லாத நீரில் கரைத்து, கொதிக்க வைக்க முடியாத போத்தலில் ஊட்டினால் குழந்தைக்கு வயிற்றோட்டம். முகாமில் அது உயிரை எடுக்கும். இலவசமாகக் கிடைப்பதால் தாய்ப்பாலைக் குறைக்கும் தாய்மாரும் உண்டு, பிறகு பால் வற்றிப் போகும். தாய்க்குக் கூடுதல் உணவு, கூடுதல் தண்ணீர், திரை போட்ட ஒரு மூலை: இவைதான் உதவி. ஏற்கெனவே பால்மாவில் வளரும் கைக்குழந்தைகளின் விபரம் அந்தப் பகுதிக் குடும்பநல மாதுவிடம் இருக்கும். சேர்ந்துவிட்ட பால்மாவை சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம் மூலம் அவர்களுக்கு மட்டும் கொடுங்கள்.

பங்கிடும்போது அடிதடி ஆகிவிட்டது. சிலர் இரண்டு தடவை வாங்கினார்கள், சிலருக்கு இல்லை. எப்படித் தவிர்ப்பது?
– அறநெறி மன்றம், வத்தளை

லொறியின் பின்கதவிலிருந்து கொடுத்தீர்களா? கூட்டம் லொறியைச் சூழ்ந்த பிறகு எந்த ஒழுங்கும் நிற்காது. பலமுள்ளவன் முன்னால் வருவான், கைக்குழந்தையோடு வந்தவள் பின்னால் நிற்பாள்.

முதல் நாளே கிராம உத்தியோகத்தரின் பட்டியலையும் ஊர்ச் சங்கத்தின் பட்டியலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வாடகைக்கு இருப்பவர்கள், ஒரே வீட்டில் இருக்கும் இரண்டாவது குடும்பம், வேறு ஊரிலிருந்து வேலைக்கு வந்து தங்கியவர்கள் பதிவுப் பட்டியலில் விடுபடுவார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இலக்கமிட்ட அட்டை கொடுத்து, அதில் நேரத்தையும் எழுதுங்கள்: 1 முதல் 25 வரை ஒன்பது மணிக்கு, அடுத்த 25 ஒன்பதரைக்கு என்று. என்ன கொடுக்கப் போகிறோம், எத்தனை பொதி இருக்கிறது என்பதைச் சுவரில் பெரிதாக ஒட்டுங்கள். தெரியாததுதான் சந்தேகத்தைக் கிளப்புகிறது. பொருள் இறக்கும் இடமும் கொடுக்கும் இடமும் வேறாகவும், உள்ளே வரும் வழியும் வெளியேறும் வழியும் தனித்தனியாகவும் இருக்கட்டும். முதல் மேசையில் அட்டையைப் பார்த்து மூலையை வெட்டுங்கள், இரண்டாவதில் கையெழுத்து, மூன்றாவதில் பொதி. முதியவருக்கும் கர்ப்பிணிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் முதல் அரை மணி நேரம்.

எட்டுப் பேர் உள்ள குடும்பத்துக்கும் இருவர் உள்ள வீட்டுக்கும் ஒரே பொதி என்றால் முணுமுணுப்பு நியாயமானது. ஆறு பேருக்கு மேல் இருந்தால் இரண்டு பொதி என்று முதலிலேயே வைத்து, நூற்றுக்குப் பத்துப் பொதி கூடுதலாகக் கட்டுங்கள். விடுபட்டவர் கட்டாயம் வருவார்கள். வாங்குபவரின் முகத்துக்கு நேரே கமராவைப் பிடிக்க வேண்டாம். பொதிகளைப் படமெடுங்கள், கையெழுத்துப் பட்டியலைப் படமெடுங்கள். நன்கொடையாளருக்கு அது போதுமான அத்தாட்சி.

எங்கள் மண்டபத்தைக் களஞ்சியமாகக் கேட்கிறார்கள். என்ன கவனிக்க வேண்டும்?
– நிர்வாக சபை, கிராண்ட்பாஸ்

முதலில், அந்த மண்டபமே வெள்ளத்தில் மூழ்குமா என்று. மூழ்காதென்றால்: மூட்டையில் வரும் உணவு ஒரு தொன்னுக்கு ஏறத்தாழ 2 கனமீட்டர் இடம் வைக்கவும். தரையில் நேராக வேண்டாம், மரப் பலகைத் தட்டில் வையுங்கள்; சுவரிலிருந்து அரை மீட்டர் தள்ளி, ஆள் போய் எலியைப் பார்க்கக்கூடிய இடைவெளியோடு. மண்ணெண்ணெய், சலவைத்தூள், பிளீச்சிங் பவுடர் வேறு அறையில். காலாவதி முந்தியது முதலில் வெளியே போகட்டும். ஒவ்வொரு குவியலுக்கும் ஓர் அட்டை தொங்கவிட்டு, வந்தது, போனது, மிச்சம் மூன்றையும் அந்தந்த நேரமே எழுதுங்கள். இரவு உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதும் கணக்கு பொருந்தவே பொருந்தாது.

வெள்ளம் வடிந்த பிறகும் உலர் உணவே கொடுத்துக்கொண்டிருக்கிறோம். எப்போது நிறுத்துவது?
– வாசகி, மருதானை

பக்கத்துக் கடைகள் திறந்து, அங்கே அரிசி பருப்பு வழக்கமான விலைக்குக் கிடைக்கத் தொடங்கியதும். அதன் பிறகு நீங்கள் கொண்டுபோகும் ஒவ்வொரு மூட்டையும் அந்தக் கடைக்காரருக்கு நட்டம். அவரும் வெள்ளத்தில் சரக்கை இழந்தவர். காசாகவோ, உள்ளூர்க் கடைக்கான கூப்பனாகவோ கொடுத்தால் குடும்பம் தனக்கு வேண்டியதை வாங்கும். ஒருவருக்கு மூக்குக்கண்ணாடி, ஒருவருக்கு இன்சுலின், இன்னொருவருக்குப் பிள்ளையின் சப்பாத்து.

வீடு திரும்பும் வாரத்தில் வேண்டியது துப்புரவுச் சாமான். ஐந்து வீட்டுக்கு ஒரு தொகுதி: மண்வெட்டி இரண்டு, தள்ளுவண்டி ஒன்று, ரப்பர் தும்புத்தடி இரண்டு, வாளி நான்கு. ஆளுக்கு ரப்பர் சப்பாத்தும் கையுறையும். சேற்றில் இறங்குவோருக்கு எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு, அதற்கான தடுப்பு மாத்திரையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு வாங்கிக் கொள்ளச் சொல்லுங்கள்; நீங்களாக மருந்துக் கடையில் வாங்கிப் பங்கிட வேண்டாம். கிணறு இறைக்கப் பம்ப் கொண்டு போகிறவர்கள் இரண்டை மனதில் வையுங்கள். நிலம் ஊறியிருக்கும்போது கிணற்றை ஒரேயடியாக அடிவரை இறைத்தால் வெளிநீரின் அழுத்தத்தில் கட்டுச் சுவர் உள்ளே சரியும்; பாதி இறைத்து, ஊற விட்டு, மறுநாள் மீதி. பெற்றோல் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது, புகையில் உள்ள காபனோரொட்சைட்டு அடியில் நிற்பவரைச் சத்தமில்லாமல் கொன்றுவிடும். இயந்திரம் மேலே, காற்று புகையைக் கிணற்றிலிருந்து அப்பால் கொண்டுபோகும் பக்கத்தில், குழாய் மட்டும் உள்ளே. இறைத்து முடிந்ததும் குளோரின் எவ்வளவு இடுவது என்பதைக் கிணற்றின் விட்டத்தையும் நீரின் ஆழத்தையும் அளந்து பரிசோதகரே சொல்வார்.